கீமோ நாளில் பிடித்த பலகாரம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் புற்றுநோய்ச் சிறப்புப் பக்கங்களில் ‘மனஉறுதியால் வென்றார்’ என்ற தொடர் மூன்று இடங்களில் தலைப்பாக வந்திருந்தது. நல்லெண்ணத்தோடு வைத்த தலைப்புதான். ஆனால் வார்டில் படுத்தபடி அதைப் படிப்பவர், நோய் திரும்பிவிட்டால் ‘எனக்கு மனஉறுதி போதவில்லை’ என்று தன்மீதே பழி போட்டுக்கொள்கிறார். லண்டனில் 578 மார்பகப் புற்றுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1999-ல் வெளியிட்ட ஆய்வில், போராடும் குணம் ஆயுளைக் கூட்டியதாகத் தெரியவில்லை. கடுமையான நம்பிக்கையிழப்புக்கும் மனச்சோர்வுக்கும் மட்டும் பாதிப்பு தெரிந்தது. எனவே நோயாளி எந்நேரமும் சிரித்த முகமாக இருந்தாக வேண்டியதில்லை. அழலாம், பயப்படலாம். பயம் வரும்போது கையில் என்ன வேலை இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தேவை. அதை உங்கள் பக்கங்களில் காணவில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கீமோ எனும் மருந்துச் சிகிச்சை. இரண்டு மூன்று தவணை ஆனதும் சிலருக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே குமட்டும். ஸ்பிரிட் வாடையே போதும். சிவப்பு நிற மருந்து ஏறியவர்களில் சிலருக்கு ரோஸ்மில்க்கைப் பார்த்தாலே வாந்தி வரும். இது கோழைத்தனம் இல்லை. அந்த வாடையையும் நிறத்தையும் மூளை வாந்தியோடு முடிச்சுப் போட்டுவிட்டது. முடிச்சு விழுந்தபின் வாந்தி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. அதனால் முதல் தவணையிலிருந்தே மாத்திரைகளை நேரம் தவறாமல் போட வேண்டும். ‘குமட்டினால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது. கீமோ அன்று காலை மிகவும் பிடித்த பலகாரத்தைக் கொடுத்து அனுப்பாதீர்கள். பிறகு வருஷக்கணக்கில் அதைத் தொடாமலே போகலாம். சாதாரண இட்லி போதும்.

தசைத் தளர்வுப் பயிற்சியையும் முதல் தவணைக்கு முன்பே வீட்டில் பழக வேண்டும். படுத்தோ சாய்ந்தோ இருந்து, கைவிரல்களை 5 வினாடி இறுக்கி, 15 வினாடி தளர விடுவது. பிறகு முழங்கை, தோள், முகம், வயிறு, தொடை, பாதம். மொத்தம் 15 நிமிடம், தினமும் இரண்டு வேளை. அறுவை நடந்த பக்கத்துக் கை, வீங்கிய கை, எலும்பில் நோய் பரவிய இடம் ஆகியவற்றை இறுக்கக் கூடாது. பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டே இறுக்குகிறார்கள். வேறு சிலர் பெரிது பெரிதாக மூச்சு வாங்கி உதடு மரத்து, தலை சுற்றி, பயந்து விட்டுவிடுகிறார்கள். வேகமான மூச்சில் இரத்தத்தின் கரியமில வாயு குறைவதால் வருவது அது. 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே, மெதுவாக.

வாந்தியைத் தடுக்கக் கீமோவோடு தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இரண்டு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுக்கும். எரிச்சலும் படபடப்பும் தரும். அதை மனக்கோளாறு என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். தானாக நிறுத்தாமல், காலை வேளைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து, வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் பலருக்குப் பயம் கூடுகிறது. பயத்துக்கு மாலை 5 மணிக்கு 20 நிமிடம் ஒதுக்கி, ஒரு நோட்டில் எழுதலாம்: ஒரு பக்கம் மருத்துவரிடம் கேட்கக்கூடியவை, மறுபக்கம் யாராலும் பதில் சொல்ல முடியாதவை. நடுப்பகலில் பயம் வந்தால் ‘5 மணிக்கு’ என்று ஒரு வரி குறித்து வைத்தால் போதும். படுக்கையில் உட்கார்ந்து எழுதக் கூடாது. படுக்கை கவலைக்கு இடமாகிவிடும். வீட்டார் அந்த நோட்டைத் திறக்கவே கூடாது. திறந்த நாளோடு எழுதுவது நின்றுவிடும்.

ஸ்கேன் ரிப்போர்ட் வாட்ஸாப்பில் யாருக்கு வர வேண்டும் என்பதை ஸ்கேனுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ராத்திரி 11 மணிக்குத் தனியாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் கூகுளில் தேடுவதுபோல் கொடுமை வேறில்லை. உடலில் புற்று இருக்கும் இடத்தைத் தேடும் பெட் ஸ்கேனில் ஒளிரும் இடமெல்லாம் புற்று அல்ல. சளித்தொற்றும் ஆறும் புண்ணும்கூட ஒளிரும்.

‘அப்பாவுக்குத் தெரியக் கூடாது’ என்று மறைப்பவர்களுக்கு: பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவரும் உங்களுக்காக நடித்துக்கொண்டிருப்பார். ‘எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க, யார் சொல்லணும்?’ என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் அளவோடு நிறுத்துங்கள்.

வாரம் ஒருமுறை, மனவேதனைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். 4 அல்லது அதற்குமேல் என்றால் நர்ஸிடம் சொல்ல வேண்டும். பசியின்மையும் அசதியும் சிகிச்சையாலும் வரும். அதை வைத்து மனச்சோர்வைக் கணிக்க முடியாது. எதிலும் நாட்டமின்மை, ‘எல்லாருக்கும் பாரம்’ என்ற பேச்சு, இவை இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சாகும் எண்ணம் என்றால் இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது, அன்றே பார்க்க வேண்டும். கழுத்தில் கதிர் வைத்தவர்களுக்குத் தைராய்டு குறைந்தும் சோர்வு வரலாம்; அதையும் பரிசோதிக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மனநல மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் பராக்செடின், ஃப்ளூவாக்செடின் இரண்டும் டமாக்ஸிஃபெனின் வேலையைக் குறைக்கக்கூடியவை. வேறு மருந்துகள் இருக்கின்றன. ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் திடீரென நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள்.

இனி புற்றுநோய் பற்றிய கட்டுரை எது வந்தாலும், கடைசியில் ‘டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416, இலவசம், 24 மணி நேரமும்’ என்ற ஒற்றை வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள் ஐயா. தமிழிலேயே பேசலாம் என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவு மனநல ஆலோசகர்,
சென்னை.