ஸ்வெட்டருக்கு மேலே சுற்றிய பட்டி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உலக இருதய தினத்துக்கு உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். தினமும் அரை மணித்தியாலம் நடங்கள், லிப்டில் போகாமல் படியில் ஏறுங்கள் என்று இருந்தது. அதை என் மனைவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவள் விடியவே வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், பொழுது சாயும்வரை செங்குத்து மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, காலில் அட்டை கடித்த இடத்தைத் துடைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். "லிப்டு எங்க இருக்காம்?" என்று மட்டும் கேட்டாள்.

நான் மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், 14 வருஷமாக ஓட்டோ ஓட்டுகிறேன். வைத்தியம் படித்தவன் இல்லை. ஆனால் ராத்திரியில் எந்த லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாருக்கு நெஞ்சு வலித்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். எழுதுவதற்கு அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன். மூத்த மகள் தாதியர் பயிற்சியில் இரண்டாம் வருஷம். இனி நான் எழுதப்போகும் ஆய்வு விஷயமெல்லாம் அவள் சொல்லித் தந்து, சந்தேகம் வந்த இடத்தில் போனில் தேடிக் காட்டியது.

நடப்பதைப் பற்றி எழுதியவரைக் குறை சொல்ல வரவில்லை, அது உண்மைதான். 1953இல் ஜெரி மொரிஸ் என்ற டொக்டர் லண்டன் மாடி பஸ்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த சாரதிகளைவிட, படியில் ஏறி இறங்கி டிக்கட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவும், வந்தாலும் பிந்தியும் வந்ததாம். இதைக் கேட்டதும் என் வயிற்றைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் கண்டக்டர் அவள், சாரதி நான்.

ஆனால் இதையே பிடித்துக்கொண்டு "மலை ஏறுறவனுக்கு ஹார்ட் அட்டாக் வராது" என்று லயத்தில் எல்லாரும் நம்புகிறார்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு. இலங்கையும் சேர்ந்த 52 நாடுகளில் ஓர் ஆய்வு செய்து 2004இல் முடிவைச் சொன்னார்கள். இன்டர்ஹார்ட் என்று பெயர், நடத்தியவர் கேரளாவில் பிறந்த டொக்டர் சலீம் யூசுப். முதல் மாரடைப்புக்கு இருந்த ஆபத்தில் 100க்கு 90க்கு மேல் ஒன்பதே விஷயங்களில் அடங்கிவிடுகிறதாம்: புகையிலை, பிரஷர், சீனி வருத்தம், இரத்தக் கொழுப்பு, தொப்பை, மனக்கஷ்டம், மரக்கறி பழம் போதாமை, உடம்பு அசையாமை, மதுப்பழக்கம். அசைவது இதில் ஒன்றுதான், மற்ற எட்டும் அப்படியே நிற்கின்றன. வெற்றிலையோடு புகையிலை மெல்லுவதும் கணக்கில் சேர்த்தி. எங்களுக்கு மூன்று நேரமும் கோதுமை மா ரொட்டி, உப்பு தூக்கலாகச் சம்பல், கருவாடு, சீனி அள்ளிப் போட்ட பிளேன்டீ. மரக்கறியை விளைவிக்கிற ஊர்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம், அது லொறியில் ஏறி எங்களைத் தாண்டிப் போவதைப் பார்க்கிறோம். கடனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதே ஆய்வில் தெற்காசிய ஆட்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது முதல் மாரடைப்பு வந்த வயது சராசரியாக 53, மற்ற நாட்டவர்களுக்கு 59ஐ ஒட்டி. எங்களுக்கு ஆறு வருஷம் முந்திக்கொள்கிறது.

போன வருஷம் ஆடி மாசம் நான் ஏற்றிப் போன அண்ணனுக்கு 52. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர், கை கல்லு மாதிரி இருக்கும். நெஞ்சு வலி தொடங்கியது ராத்திரி ஒன்பது மணிக்கு. எனக்குப் போன் வந்தது பன்னிரண்டரைக்கு. இடையில் நடந்தது என்ன? வாய்வு என்று சொல்லி இஞ்சியும் பூண்டும் தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள், நெஞ்சில் சித்தாலேப தைலம் தேய்த்தார்கள், பக்கத்துக் காம்பராவில் இருந்து ஒருவர் வந்து முதுகில் நீவிவிட்டார். நான் போனபோது அந்தக் குளிரில், வெளியே மழை கொட்டும்போது, மனுசனுக்குப் பனியன் நனைந்து வேர்த்திருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ரோட்டு இருக்கிற நிலையில் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணித்தியாலம். ஈசிஜி எடுத்தார்கள், இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள், இரண்டு நாளில் கண்டிக்கு அனுப்பினார்கள். உயிர் தப்பிவிட்டார். ஆனால் அந்த ஊசி எவ்வளவு நேரத்தோடு போகிறதோ அவ்வளவுக்கு இருதயத் தசை மிஞ்சும் என்று டொக்டர் சொன்னார். பிந்திப் போன அந்த மூன்றரை மணித்தியாலத்தின் கணக்கு இப்போது தெரிகிறது, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கவ்வாத்துக் கத்தி சுவரில் தொங்குகிறது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இப்படி வலித்தால் முதலில் என்னைக் கூப்பிடாதீர்கள், 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கள். காசில்லாமல் வரும், ஒக்சிஜன் இருக்கும், பயிற்சி எடுத்த ஆள் கூட வருவார். என்னிடம் இருப்பது ஒரு தார்ப்பாய்தான். சிக்னல் இல்லாவிட்டால், அம்புலன்ஸ் ஏற முடியாத ரோட்டு என்றால், சரி, அப்போது நான் வருகிறேன்.

அண்ணன் வீடு திரும்பியதும் அவருடைய கிளினிக் கொப்பியை மகள் வாங்கிப் பார்த்தாள். பிரஷர் ஒரு மாசம் 170, அடுத்த மாசம் 130, அதற்கடுத்தது 164. ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, எங்கே போனாலும் இதே கதைதான். "எப்படிப் பார்த்தாங்க மாமா?" என்று கேட்டாள். அவர் சொன்னார்: பஸ்ஸை விட்டுவிடக் கூடாதென்று மேமலையில் இருந்து ஓடி வந்தாராம், வரிசையில் நின்றாராம், கூப்பிட்டதும் போய் உட்கார்ந்தாராம், குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டருக்கு மேலேயே பிரஷர் பார்க்கிற பட்டியைச் சுற்றினார்களாம், சுற்றிக்கொண்டே எந்தத் தோட்டம், பிள்ளைகள் எத்தனை பேர் என்று பேச்சுக் கொடுத்தார்களாம். அன்பாகத்தான் கேட்டிருக்கிறார்கள். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிஷமாவது சும்மா உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் படவேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், வெறும் கையில் சுற்ற வேண்டும், பேசக் கூடாது, சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்கக் கூடாது, அரை மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணி குடித்திருக்கக் கூடாது. இதில் எது தவறினாலும் எண் மாறும். அவர்களுடைய வகுப்பில் ஒருத்தரை ஒருத்தர் படி ஏறி வந்ததும் ஒரு தடவை, உட்கார்ந்து ஓய்ந்த பிறகு ஒரு தடவை பார்க்கச் சொன்னார்களாம். இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம். இதையெல்லாம் படிக்கும்போது ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். காலையில் இருநூறு பேர் வரிசையில் நிற்கும்போது யாருக்கு ஐந்து நிமிஷம் இருக்கிறது?

அப்புறம் அண்ணன் குளிசையைத் தலை கிறுகிறுத்தால் மட்டும் போட்டிருக்கிறார். பிரஷர் வெளியே காட்டிக்கொள்ளாத சாமான் என்று அவருக்கு விளங்குகிற பாஷையில் ஒருத்தரும் சொல்லவில்லை. குளிசைப் பையில் எழுதியிருந்தது அவருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. மகளோடு படிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சிங்களப் பிள்ளைகள், அருமையான பிள்ளைகள், எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டும் போயிருக்கிறார்கள். ஆனால் "நெஞ்சு கரிக்குது" என்பது வேறு, "நெஞ்சைப் பிசையுது", "அடைக்குது" என்பது வேறு. இதை எந்தப் பாடத்தில் படிப்பார்கள்? பொம்பளைகள் கதை இன்னும் மோசம். அவர்களுக்குப் பல நேரம் இந்த வருத்தம் நெஞ்சு வலியாக மட்டும் வராதாம், தாடையில் நோவு, மேல்முதுகில் நோவு, மூச்சு முட்டல், அலுப்பு என்றும் வருமாம். தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துப் பாரம் சுமக்கிறவளுக்குக் கழுத்தும் முதுகும் நோகாத நாள் ஏது? அவளும் சொல்லமாட்டாள், கேட்கிறவர்களுக்கும் தோன்றாது. மலைநாட்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தச் சொற்களையும் இந்தப் பாரத்தையும் பற்றி ஒரு நாள் வகுப்பு எடுத்தால் போதும்.

வழி தெரியாமல் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் மூன்று நாட்டுக் கிராமங்களில் 2,645 பிரஷர்காரர்களை இரண்டு வருஷம் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2020இல் முடிவு வந்தது, கோப்ரா என்று பெயர். பாம்பு இல்லை. பயிற்சி கொடுத்த சுகாதார ஊழியர்கள் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே போய்ப் பிரஷர் பார்த்து, சாப்பாட்டைப் பற்றியும் குளிசையைப் பற்றியும் பேசினார்கள், வைத்தியர்களுக்கும் தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். இலங்கையில் அப்படி வீட்டுக்குப் போனது வேறு யாருமில்லை, எங்கள் வீட்டுப் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கிற அதே குடும்பநல உத்தியோகத்தர், எங்கள் வாயில் மிட்வைப் அம்மா. மற்றக் கிராமங்களைவிட அந்தக் கிராமங்களில் பிரஷரின் மேல் எண் சராசரியாக 5 கூடுதலாகக் குறைந்தது. ஐந்துதானா என்று கேட்டேன். ஒரு ஆளுக்குச் சின்னது, ஊருக்கே குறைந்தால் பெரியது என்றாள் மகள். இலங்கை ஆஸ்பத்திரிகளிலேயே 700 பேரை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வும் 2018இல் வந்தது. மூன்று மருந்தைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தபோது ஆறு மாசத்தில் 100க்கு 70 பேருக்குப் பிரஷர் கட்டுப்பட்டது, வழக்கமான வைத்தியத்தில் 55 பேருக்குத்தான். எங்கள் நாட்டு உடம்புகளில், எங்கள் நாட்டு ஊழியர்களை வைத்துச் செய்து பார்த்தாயிற்று. எங்கள் லயத்துக்குப் பிரஷர் மெஷினோடு இன்னும் ஒருவரும் வரவில்லை.

35 வயது தாண்டியவர்கள் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ள அரசாங்கம் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை வைத்திருக்கிறது, நல்ல காரியம். எங்களுக்குக் கிட்டவுள்ளது வேலை நாளில் காலையில் திறக்கிறது. போனால் அன்றைய பேர் போச்சு. வருத்தம் இல்லாத ஆள், வருத்தம் இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் சம்பளத்தை விடுவாரா? கொழுந்து நிறுக்கிற இடத்திலேயே பார்த்தால் என்ன என்று நான் மகளிடம் கேட்டேன், தராசு வருகிற மாதிரி மெஷினும் வரட்டுமே என்று. பாரத்தோடு மலை இறங்கி வந்தவளுக்கு அங்கே பார்த்தால் எண் பொய் சொல்லும் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வீட்டில், அல்லது வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் உட்காரவைத்து. அதுதான் சரி என்கிறாள்.

மிட்வைப் அம்மாவுக்கு ஏற்கெனவே வேலை தலைக்கு மேல், அதுவும் தெரியும். அப்படியென்றால் பிள்ளைக்காம்பரா ஆயாவுக்கும், ஓஎல் பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் பட்டி சுற்றவும் எண்ணை எழுதவும் பழக்குங்கள், சம்பளத்தோடு. எங்கள் ஸ்டாண்டில் நிற்கிற ஓட்டோக்காரர்களுக்கு நெஞ்சை அமுக்கி மூச்சு மீட்கிற முறையைக் காட்டித் தாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்திவிட்டு வருகிறோம். சுகாதார அதிகாரிகள் யாராவது இதை வாசித்தால், தோட்டத்தின் கீழ்ப் பிரிவான பணியக்கணக்கு லயத்தில் இருந்து தொடங்கலாம், அங்கே ரோட்டு கொஞ்சம் பரவாயில்லை.

அண்ணனுக்கு வருகிற வியாழக்கிழமை கிளினிக். நான்தான் ஏற்றிப் போகிறேன். அரை மணித்தியாலம் முந்தியே போய் வாங்கில் உட்காருவது, உள்ளே கூப்பிட்டதும் ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் தருவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஓட்டோ சாரதி,
மஸ்கெலியா