நூறு புள்ளி எடுத்தும் கோப்பை இல்லை

மதுரை
10.6.2025

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம். நீ கேட்டிருந்த கேள்விக்கே நேராக வருகிறேன்: இங்கிலாந்தின் இரண்டாம் நிலைக் கால்பந்து லீக்கான சாம்பியன்ஷிப்பில், 2024-25 சீசனில், 46 ஆட்டத்தில் இரண்டே தோல்வி, 100 புள்ளி, ஆனாலும் பர்ன்லி அணிக்கு எப்படிக் கோப்பை கிடைக்காமல் போனது?

லீட்ஸ் அணியும் அதே 100 புள்ளி எடுத்ததுதான் காரணம். புள்ளி சமமானால் சாம்பியன்ஷிப்பில் முதலில் பார்ப்பது கோல் வித்தியாசத்தை, அதாவது போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவதை. இரு அணிகளும் நேருக்கு நேர் மோதியதில் யார் கை ஓங்கியது என்பது அங்கே எடுபடாது. எடுபட்டிருந்தால் கோப்பை பர்ன்லிக்கு வந்திருக்கும்; லீட்ஸின் மைதானமான எலண்ட் ரோட்டில் 1-0 என்று ஜெயித்தார்கள், தங்கள் மைதானமான டர்ஃப் மூரில் 0-0. சீசன் முழுக்க லீட்ஸ் 95 கோல் போட்டு 30 வாங்கியது, பர்ன்லி 69 போட்டு 16 வாங்கியது. 65-க்கும் 53-க்கும் இடையே 12 கோல். கார்டிஃபுக்கு எதிராக 7-0, ஸ்டோக்குக்கு எதிராக 6-0 என்று லீட்ஸ் அடித்த இரண்டு ஆட்டங்களே அந்த 12-ஐத் தாண்டிவிட்டன.

கடைசி நாளிலும் வாய்ப்பு இருந்தது. பர்ன்லி மில்வாலை 3-1 என்று முடித்துவிட்டது. பிளிமத்தில் லீட்ஸ் 1-1 என்று தடுமாறிக்கொண்டிருந்தது. 90 நிமிடம் தாண்டி மானர் சாலமன் போட்ட கோல்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அது விழாமல் இருந்தால் லீட்ஸுக்கு 98தான்.

ஆனால் அந்த ஒரு கோலைக் குறை சொல்லிப் பயனில்லை. பர்ன்லி டிரா செய்த 16 ஆட்டங்களைப் பார். அவற்றில் ஒன்றே ஒன்று வெற்றியாகியிருந்தால் 102 புள்ளி, கோல் வித்தியாசத்தைப் பற்றிய பேச்சே எழுந்திருக்காது. அந்த டிராக்களில் பெரும்பாலானவை 0-0. குளிர்காலத்தில் சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் முணுமுணுத்ததற்கு நியாயம் உண்டு.

அதற்காகப் பர்ன்லியின் மேலாளர் ஸ்காட் பார்க்கரின் முறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 46 ஆட்ட சீசனில் 16 கோல்தான் வாங்குவது என்றால் என்னவென்று யோசி. சாம்பியன்ஷிப்பில் அதற்கு முந்தைய சாதனையே 30. இவர்கள் 30 ஆட்டங்களில் கோலே வாங்கவில்லை, அதில் 29-ல் கீப்பர் ஜேம்ஸ் ட்ராஃபோர்ட். சண்டர்லேண்டுடன் 0-0 ஆன ஆட்டத்தில் வில்சன் இசிடோரின் இரண்டு பெனால்டிகளையும் அவர் தடுத்தார். அதற்காக எல்லாப் பெருமையையும் கீப்பருக்கே கொடுத்துவிடாதே. எஸ்தேவும் ஈகன்-ரைலியும் பின்களத்தின் நடுவில் அரணாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் மிட்ஃபீல்டர்கள் கல்லனும் லோரெண்டும் இடத்தைவிட்டு அசையாமல் நடுவழியை அடைத்தார்கள். பந்து பறிபோனதும் எதிரணி பாய்வதற்கு வெற்றிடமே இருக்காது. இதன் விலை முன்பக்கத்தில் தெரிந்தது: எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் போகும் ஆள் குறைவு. அந்தக் குறையைக் கேப்டன் ஜாஷ் பிரவுன்ஹில்தான் ஈடுகட்டினார். மிட்ஃபீல்டரான அவர் போட்டது 18 கோல்! ஷெஃபீல்ட் யுனைடெட்டை 2-1 என்று வென்று, முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் இடத்தை உறுதி செய்த ஆட்டத்தில் இரண்டும் அவருடையவைதான்.

இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் மறந்துவிடாதே. முதல் இரண்டு அணிகள் நேராக மேலே பிரீமியர் லீக்குக்குப் போகின்றன. மீதியுள்ள ஓர் இடத்துக்காக இந்த சீசனில் மூன்றிலிருந்து ஆறு வரை வந்த அணிகளுக்குள் பிளே-ஆஃப். மூன்றாவதாக வந்த ஷெஃபீல்ட் யுனைடெட் 90 புள்ளி எடுத்தது, அதுவும் ஆரம்பத்திலேயே 2 புள்ளி கழிக்கப்பட்ட பிறகு. வெம்ப்ளி இறுதி ஆட்டத்தில் 76 புள்ளி எடுத்த சண்டர்லேண்டிடம் தோற்று அங்கேயே தங்கிவிட்டது. இதோடு ஒப்பிட்டால் கோப்பை போனது சின்ன விஷயம்.

எனக்குக் கவலை அடுத்த சீசனைப் பற்றித்தான். 2022-23-ல் இதே கிளப், அப்போதைய மேலாளர் கொம்பனியின் கீழ், 87 கோல் போட்டு 101 புள்ளியோடு சாம்பியனானது. மேலே போனதும் அதே திறந்த ஆட்டத்தை ஆடி 78 கோல் வாங்கி, 24 புள்ளியோடு இறங்கியது. கடந்த இரண்டு சீசனிலும் மேலே போன மூன்று அணிகளுமே உடனே திரும்பிவிட்டன. அந்த வகையில் பார்க்கரின் தடுப்பாட்டம் நல்ல அஸ்திவாரம். ஆனால் பிரீமியர் லீக்கில் பந்து உன்னிடம் குறைவாகவே இருக்கும். கிடைக்கும் இரண்டு மூன்று வாய்ப்பில் ஒன்றைக் கோலாக்கும் முன்கள வீரர் வேண்டும். பிரவுன்ஹில்லின் ஒப்பந்தமும் இந்த மாதத்தோடு முடிகிறது. அவர் போய்விட்டால் அந்த 18 கோலுக்கு யாரைத் தேடுவார்கள்?

பணம் இல்லையென்று சொல்ல முடியாது. ஒரு வருடத்தில் திரும்ப இறங்கினாலும் இரண்டு வருடத்துக்குப் பாராசூட் தொகை, அதாவது இறங்கிய அணிகளுக்குப் பிரீமியர் லீக் கொடுக்கும் உதவிப் பணம், வரும். அதை நம்பித்தான் இந்தக் கிளப்புகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன, எனக்கு அது பிடிக்கவில்லை. வாங்குகிற பணத்தை முதலில் ஒரு ஸ்ட்ரைக்கருக்கும் வேகமான விங்கருக்கும் போடட்டும், பின்களத்தைத் தொட வேண்டாம். உன் கணக்கு வேறாக இருந்தால் விவரமாக எழுது.

அன்புடன்,
ராஜன்