நிலத்தையும் சேர்த்துக் கொடுங்கள்: பல்லாவரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

ஒன்றிய அரசின் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும், கூடவே தமிழ்நாடு அரசின் நகராட்சி நிர்வாகத் துறைக்கும்,

வணக்கம். கன்டோன்மென்ட்டில், அதாவது ராணுவ அதிகாரி தலைமையிலான போர்டு நிர்வகிக்கிற ஊர்ப்பகுதியில், பொதுமக்கள் வாழும் சிவிலியன் பகுதிகளைப் பிரித்து உள்ளாட்சிகளிடம் கொடுக்கப்போவதாகச் சொல்கிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். நான் பல்லாவரத்துக்காரன். வெள்ளிக்கிழமையானால் பையைத் தூக்கிக்கொண்டு பழைய டிரங்க் ரோடு சந்தைக்குப் போகிற ஆள், அவ்வளவுதான், வேறு தகுதி எதுவும் கிடையாது. எங்கள் சந்தையைப் பார்த்ததில்லை என்றால் ஒருமுறை வந்து பாருங்கள். ஒரு தார்ப்பாயில் டிவி ரிமோட் மட்டும் குவியலாகக் கிடக்கும், அதில் உங்கள் டிவிக்கு உரியதை நீங்களே கிளறி எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்திலேயே ரோஜாப் பதியன், கூண்டில் லவ் பேர்ட்ஸ், யாரோ காலி செய்த வீட்டின் கதவு, கருவாடு, நின்றுபோன சுவர்க்கடிகாரம். பத்து மணி வெயிலில் செடி விற்கும் அம்மா தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போன மாதம் அவரிடம், "இந்த இடம் மிலிட்டரியோடதுன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன். "யாரோடதா இருந்தா என்னப்பா, வெள்ளிக்கிழமை எங்களோடது" என்றார்.

அது சரி. ஆனால் அந்த அம்மாவுக்கு நிழலுக்கு ஒரு நிரந்தரக் கூரை வேண்டும், பெண்களுக்குத் தனியாக ஒரு கழிப்பறை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டடி தள்ளி தாம்பரம் மாநகராட்சி இருக்கிறது, ஆனால் அதன் கவுன்சிலர் இதில் கைவைக்க முடியாது, ஏனென்றால் இது பரங்கிமலை–பல்லாவரம் கன்டோன்மென்ட். கன்டோன்மென்ட் போர்டுக்குத் தலைவர் ராணுவ அதிகாரி. முன்பெல்லாம் பாதி உறுப்பினர்களையாவது நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பினோம். நாடு முழுவதும் கன்டோன்மென்ட் தேர்தல் கடைசியாக நடந்தது 2015 ஜனவரியில். நீட்டித்து நீட்டித்து 2021 பிப்ரவரியில் பதவிக்காலம் முடிந்தது, அதன்பின் தலைவர், தலைமைச் செயல் அலுவலர், நியமிக்கப்பட்ட ஒரு குடிமகன் என்று மூன்று பேர் போர்டு. 2023 ஏப்ரல் 30 அன்று 57 இடங்களில் தேர்தல் என்று அறிவித்தீர்கள், மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டீர்கள். ரத்துக்கான காரணம் எனக்குப் புரிகிறது: எப்படியும் சிவிலியன் பகுதிகளைப் பிரித்து உள்ளாட்சிகளோடு சேர்க்கப்போகிறோம், நடுவில் எதற்குத் தேர்தல் என்பதுதானே? அப்படியென்றால் சீக்கிரம் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். தேர்தலும் இல்லை, பிரிப்பும் இல்லை என்று நடுவில் தொங்கவிட்டால் நாங்கள் யாரிடம் போய் நிற்பது?

பிரிப்பதில் எனக்கு எதிர்ப்பு கிடையாது. 2023 ஏப்ரலில் இமாசலத்தின் யோல் கன்டோன்மென்ட்டில் தொடங்கினீர்கள், சிவிலியன் பகுதியை அங்கிருந்த ஊராட்சிகளிடம் விட்டுவிட்டு ராணுவப் பகுதியை ராணுவ நிலையமாக மாற்றிக்கொண்டீர்கள், நல்ல யோசனை. ஊர் நடத்துவது ராணுவத்தின் வேலை இல்லை, அவர்களுக்கே அது தலைவலிதான். எனக்கு உறுத்துவது 2024-இல் நீங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல். குடிமை வசதிக்கும் நகராட்சிச் சேவைக்கும் உரிய சொத்துகள் எல்லாம் உரிமையோடு, கட்டணமில்லாமல் மாநிலத்துக்கு, உள்ளாட்சிக்குப் போகும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. போர்டின் கடன்களும் பொறுப்புகளும் கூடவே போகும், சரி, அதுவும் நியாயம். அப்புறம் ஒரு வரி வருகிறது: பொருந்தும் இடங்களில் நிலத்தின் உரிமையை ஒன்றிய அரசே வைத்துக்கொள்ளும்.

இந்தப் "பொருந்தும் இடங்களில்" என்பதற்குள் எதை வேண்டுமானாலும் போட்டுவிடலாம். பள்ளிக்கூடக் கட்டடம் மாநகராட்சிக்கு, பிள்ளைகள் விளையாடுகிற மைதானம் அமைச்சகத்துக்கா? தெருவிளக்குக் கம்பம் எங்களுக்கு, அது நிற்கிற மண் உங்களுக்கா? சந்தை நடக்கும் இடம் எந்தக் கணக்கில் வரும்? வெள்ளைக்காரன் காலத்தில் நிலத்தைச் சர்க்காரே வைத்துக்கொண்டு வீடு கட்டிக்கொள்ள மட்டும் விட்ட 'ஓல்டு கிராண்ட்' வீடுகளில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள், சுவர் நம்முடையது தரை சர்க்காருடையது என்றால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று. விற்பது, கட்டுவது, வங்கிக் கடன் என்று எதற்குப் போனாலும் முதல் கேள்வி தரையைப் பற்றித்தான் வரும். அந்த நிலைமைக்கு இப்போது ஒரு மாநகராட்சியையே கொண்டுபோய்த் தள்ளாதீர்கள்.

நிலம் கையில் இல்லாத உள்ளாட்சி என்ன பாடுபடும் என்பதற்குத் திருச்சியை விட நல்ல சாட்சி வேண்டாம். ஜங்ஷன் மேம்பாலம், அங்கே எல்லோரும் அரிஸ்டோ பாலம் என்பார்கள். எல்லாக் கைகளும் இறங்கிவிட்டன, மன்னார்புரம் பக்கம் இறங்க வேண்டிய ஒரு கை மட்டும் அந்தரத்தில் நின்றது. கீழே இருந்தது ஒரு ஏக்கர்கூட இல்லை, 0.66 ஏக்கர் பாதுகாப்புத் துறை நிலம். அதற்காக ஆண்டுக்கணக்கில் கடிதம், ஆய்வு, ஈடாக எதைத் தருவது என்ற பேச்சு. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்டும் இடங்களில் மலைக்கோட்டைக்கு அடுத்து அந்த மொட்டைப் பாலம்தான் என்று திருச்சி நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். ஒருவழியாக 2023-இல்தான் திறந்தார்கள். யாரும் அந்த நிலத்தை வீடு கட்டக் கேட்கவில்லை, பேருந்தும் ஆம்புலன்ஸும் போகத்தான் கேட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் சம மதிப்பு நிலம், இல்லையென்றால் சம மதிப்புக்குக் கட்டுமானம் என்று கேட்கும் உங்கள் வழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐ.டி. கம்பெனி வரப்போகிறது என்றால் கேளுங்கள், நியாயம். சாலைக்கும் சாக்கடைக்கும் சந்தைக்கும் கேட்பது, அண்ணன் தம்பிக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு ரசீது நீட்டுவது மாதிரி. இரண்டு பக்கமும் மக்கள் பணம்தானே? உங்களிடம் ஏறத்தாழ 17.78 லட்சம் ஏக்கர் இருப்பதாக 2022-இல் அளந்து முடித்தபோது நீங்களே சொன்னீர்கள். அதில் கன்டோன்மென்ட் எல்லைகளுக்குள் வருவது 1.61 லட்சம் ஏக்கர், பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதிலும் சிவிலியன் பகுதி இன்னும் குறைவு. ட்ரோனும் செயற்கைக்கோள் படமும் வைத்து அளந்ததாகப் பெருமையாகச் சொன்னீர்களே, அந்த வரைபடத்தில் எங்கள் தெருவுக்கு என்ன நிறம் அடித்திருக்கிறது என்பதை எங்களுக்கும் காட்டலாமே.

பாதுகாப்பு முக்கியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தின் ஒரு கல்லைக்கூட யாரும் கேட்கவில்லை. பயிற்சித் திடல், குடியிருப்பு, கிடங்கு எல்லாவற்றுக்கும் வேலி போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் இத்தனை மீட்டருக்குள் மாடி கட்டாதே என்றும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் கேட்பது, ஏற்கெனவே நாங்கள் நடந்து, வாங்கி, விளையாடி, பிணம் எடுத்துக்கொண்டு போகிற நிலத்தை மட்டும். பரங்கிமலைப் பக்கம் சென்னை மாநகராட்சியை ஒட்டியும், பல்லாவரப் பக்கம் தாம்பரத்தை ஒட்டியும் கிடக்கிறது, நடுவே விமான நிலையம். இரண்டு துண்டையும் அந்தந்த மாநகராட்சியோடு சேர்ப்பதுதான் இயல்பு, ஒரே மூட்டையாகக் கட்டி ஒருவர் தலையில் வைக்காதீர்கள்.

இனி மாநில அரசுக்கு. சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், உங்களை நம்பியும் நான் பத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்ல மாட்டேன். தி.நகர் ஒரு காலத்தில் மாம்பலம் ஏரி. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். அவ்வளவு தூரம் எதற்கு, எங்கள் பல்லாவரம் பெரிய ஏரியையே ரேடியல் ரோடு போட்டு இரண்டாகப் பிளந்தது யார், ராணுவமா? உண்மையைச் சொன்னால், மிலிட்டரி வேலி இருந்ததால்தான் எங்கள் பக்கம் இத்தனை வேப்ப மரமும் காலி இடமும் மிச்சம் இருக்கிறது. இதைச் சொன்னால் மாநில சுயாட்சி பேசும் நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அதனால் கொடுக்கும்போதே பத்திரத்தில் ஒரு நிபந்தனை போடுங்கள். அமெரிக்காவில் 1926-இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. அங்கே கூட்டாட்சி அரசின் நிலத்தைப் பூங்காவுக்கும் பள்ளிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் உள்ளாட்சிகளுக்குச் சலுகை விலையில் விற்கலாம், குத்தகைக்கும் விடலாம். ஆனால் சொன்ன காரியத்தை விட்டு வேறு எதற்காவது பயன்படுத்தினால் நிலம் திரும்பவும் கூட்டாட்சி அரசுக்கே போய்விடும். அதே மாதிரி இங்கேயும் எழுதுங்கள். சந்தை என்றால் சந்தை, மைதானம் என்றால் மைதானம். "பல்நோக்கு வணிக வளாகம்" என்று ஒரு டெண்டர் வந்த அன்றே நிலம் டெல்லிக்குத் திரும்பட்டும், நானே வழியனுப்பி வைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, இது என் சொந்த ஆசை. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரம் ராணுவத் திடலை ஒட்டிய சரளைக்கல் குழியில் ஒரு கல்லை எடுத்தார். பழைய கற்கால மனிதன் கையால் செதுக்கிய கருவி. இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. லண்டனில் இருப்பவனுக்கும் தெரிகிற இந்த விஷயம், அந்தத் திடலைத் தாண்டி டியூஷனுக்குப் போகிற எங்கள் தெருப் பையன்களுக்குத் தெரியாது. ஒப்படைக்கும் பட்டியலில் ஒரு சின்ன மூலையைச் சேர்த்தால் போதும். ஒரு பலகையும் நாலு பெஞ்சும் மாநகராட்சி போட்டுக்கொள்ளும். போடவில்லை என்றால் நாங்கள் சண்டை போட்டு வாங்கிக்கொள்கிறோம், அதற்குத்தானே கவுன்சிலர் வேண்டும் என்கிறோம்.

எல்லையை மாற்றும் முன் வரைவு அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பீர்கள் என்று தெரியும். எங்கள் முறை வரும்போது அதை அரசிதழில் மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். எந்தச் சர்வே எண் யாருக்கு, எது உங்களிடமே இருக்கும், எதற்கு என்ன நிபந்தனை என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து, பழைய டிரங்க் ரோட்டில் ரிமோட் கடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். தயவுசெய்து வெள்ளிக்கிழமை காலையில் ஒட்டுங்கள், எங்களில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
பல்லாவரம் சந்தைக்குப் போகிற ஒருவன்