மூடிய டிக்கெட்டுகளும் ஒரு தொலைபேசி அழைப்பும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முதுகுவலி விட்டதாகப் படித்ததும் நிம்மதி. அந்தப் பழைய நாற்காலியைத் தூக்கிப் போட்டாயா என்று மட்டும் எழுதவில்லை. போட்டிருக்க மாட்டாய், தெரியும்.

புகார்களை டிக்கெட்டுகளாகப் பதிந்து கண்காணிக்கும் ரெட்மைனை உன் மடிக்கணினியிலேயே ஓட்டி, அதற்கொரு பிளகின், அதாவது கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல், எழுதப் போகிறேன் என்கிறாய். தாராளமாகச் செய். முதலில், ரெட்மைன் எழுதப்பட்ட ரூபி மொழியின் பதிப்பைப் பார்த்துக்கொள். புதிது நல்லதுதானே என்று 3.3-ஐப் போட்டுக்கொண்டு ரெட்மைன் 5.1-ஐ நிறுவப் போனேன். ரூபி 3.3-க்குக் கீழே இருக்கவேண்டும் என்று, தேவைகளைப் பட்டியலிடும் அதன் ஜெம்ஃபைலிலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்து நிறுவும் பண்டில் இன்ஸ்டால் கட்டளை எடுத்த எடுப்பிலேயே கையை விரித்துவிட்டது. பல ரூபி பதிப்புகளை நிர்வகிக்கும் ஆர்பிஎன்வி மாதிரி ஒரு கருவியை வைத்துக்கொண்டு ஃபோல்டருக்கு ஒரு ரூபி என்று பிரித்துவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

டேட்டாபேஸுக்கு, ஒரே கோப்பில் அடங்கிவிடும் எஸ்க்யூலைட் போதும் என்பார்கள். விளையாடிப் பார்க்கப் போதும். சர்வரில் மைஎஸ்க்யூஎல் ஓடுகிறதென்றால் இங்கேயும் அதையே போடு. எங்கள் சர்வரின் மைஎஸ்க்யூஎல்லில் எழுத்துகளைச் சேமிக்க இருந்தது பழைய யூடிஎஃப்8 முறை. ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் இடம். தமிழ் அதில் அடங்கிவிடும், ஸ்மைலிக்கு 4 பைட் வேண்டும். யாரோ புகாரின் கடைசியில் ஒரு சிரிப்பு முகத்தைப் போட, சேமிக்கும்போது 500 பிழை. என் எஸ்க்யூலைட்டிலோ அது எத்தனை தடவை சிரித்தாலும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் தேடினேன்.

சரி, சொல்ல வந்தது இதுவல்ல.

நாலு போலி டிக்கெட்டை வைத்துக்கொண்டு பிளகினைச் சோதித்தால் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். அதனால் சர்வரிலிருந்து டம்ப், அதாவது டேட்டாபேஸின் முழு நகல், எடுத்து என் மடிக்கணினியில் ஏற்றினேன். கூடவே அமைப்புக் கோப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரையும் அள்ளிக்கொண்டு வந்து, அதில் டேட்டாபேஸ் விவரம் உள்ள டேட்டாபேஸ்.ஒய்எம்எல்லை மட்டும் மாற்றினேன். அங்கேதான் வினை. அஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி விவரம் பக்கத்திலிருக்கும் கான்ஃபிகரேஷன்.ஒய்எம்எல்லில் இருக்கிறது. யாருக்கு அனுப்புவது என்பது டம்பில் இருக்கிறது. இரண்டையும் நானே ஒன்று சேர்த்துவிட்டேன். பழைய டிக்கெட்டுகள் நாற்பதை ஒரே சொடுக்கில் மூடினேன். புகார் எழுதியவர், வேலையை எடுத்தவர், மாற்றம் வந்தால் தெரியவேண்டும் என்று வாட்ச் போட்டவர் எல்லோருக்கும் அஞ்சல் பறந்தது.

அரை மணி நேரத்தில் அஞ்சல் கிடைத்த ஒருவரிடமிருந்து போன். “மூடியாச்சுன்னு மெயில் வருது, உள்ள போய்ப் பார்த்தா திறந்தே இருக்கு. உங்க டிராக்கருக்கே ஒரு பக் போடணும் போலிருக்கே?” அவர் சொன்னதில் தப்பில்லை. சுட்டிகளில் வரும் சர்வர் முகவரி, அதாவது ஹோஸ்ட் பெயர், டேட்டாபேஸின் செட்டிங்ஸ் டேபிளில் இருக்கும். அதுவும் டம்போடு வந்துவிட்டது. என் மடிக்கணினி அனுப்பிய அஞ்சலில் இருந்த சுட்டி எல்லாம் நிஜ சர்வருக்கே போயின. அங்கே யாரும் எதையும் மூடவில்லையே!

இப்போது டம்பை ஏற்றியதும், ரெட்மைனைக் கிளப்புவதற்கு முன்பே டேட்டாபேஸில் ஒரே ஒரு அப்டேட் கட்டளை ஓட்டிவிடுகிறேன். முகவரிகள் எல்லாம் ‘பயனர் எண், அட், டெஸ்ட்.இன்வேலிட்’ என்று ஆகிவிடும். டாட் இன்வேலிட் 1999-லேயே ஆர்எஃப்சி 2606 என்ற இணைய ஆவணத்தில் ஒதுக்கி வைத்த பெயர், அந்த முகவரிக்கு அஞ்சல் எங்கும் போய்ச் சேராது. ஒன்று கவனி: ரெட்மைன் 3.0-லிருந்து முகவரிகள் யூசர்ஸ் டேபிளில் இல்லை, ஈமெயில் அட்ரஸஸ் என்று தனி டேபிள். பழைய குறிப்பைப் பார்த்து ஓட்டாதே.

அப்புறம் மெயில்பிட், அஞ்சலை வெளியே விடாமல் பிடித்து வைத்துக் காட்டும் கருவி. எஸ்எம்டிபி போர்ட்டை 1025 என்று கொடுத்துவிட்டு, பிரவுசரில் 8025-ஐத் திற. அனுப்பிய அஞ்சலெல்லாம் அங்கேயே வரிசையாக உட்கார்ந்திருக்கும். தமிழ்த் தலைப்பு எப்படித் தெரிகிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். முகவரியை மாற்றியாயிற்றே, இது எதற்கு என்று விட்டுவிடாதே, இரண்டும் வேண்டும். மனுஷன் என்றைக்காவது ஒன்றை மறப்பான்.

இணைப்புக் கோப்புகள் டம்பில் வராது, ஃபைல்ஸ் ஃபோல்டரில் தனியாகக் கிடக்கும். அதைக் கொண்டுவராதே. ஊரார் ஸ்கிரீன்ஷாட் உனக்கெதற்கு?

பிளகின் எதற்கென்று நீ எழுதவே இல்லை. நேரக் கணக்கு சம்பந்தமானது என்றால் என்னிடம் அரைகுறையாக ஒன்று கிடக்கிறது, அனுப்புகிறேன். நாற்காலி விஷயத்துக்கும் பதில் போடு.

அன்புடன்,
ரகு