பில்டு கோப்பில் ஒரு புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே சேர்த்துக்கொள்ளும் மறுஆய்வு வழக்கம் பற்றித் தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மன்னார்குடியில் வீட்டிலிருந்தபடியே வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலருக்குப் பாடமும் சொல்கிறேன். அந்த அனுபவத்தில், கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மறுஆய்வு செய்பவர்கள் மிக விரைவாகக் கடந்து போகும் இடம் பில்டு கோப்புகள். மிக நிதானமாகப் படிக்க வேண்டிய இடமும் அதுவே.

நிரலாளர் எழுதும் மூல நிரல் அப்படியே பயனர் கைக்குப் போவதில்லை. எந்தக் கோப்புகளைத் தொகுப்பது (அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுவது), பிறர் எழுதிய எந்த நூலகத்தை எந்தப் பதிப்பில் இணைப்பது, எந்தச் சோதனைகளை ஓட்டுவது, முடிந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கணினிக்குச் சொல்லும் தனிக் கோப்புகள் உண்டு. இவைதான் பில்டு கோப்புகள். பெல் ஆய்வகத்தில் 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ கருவிக்கான கோப்பு முதல் இன்றைய சிமேக், கிரேடில், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் கோப்புகள் வரை எல்லாவற்றுக்கும் வேலை ஏறக்குறைய இதுதான். நிரலில் உள்ள பிழை அந்த நிரல் ஓடும் இடத்தில் தலைகாட்டும். பில்டு கோப்பில் உள்ள பிழையோ, நிரலில் எதுவும் மாறாமலேயே, உருவாகி வரும் பொருளை மாற்றிவிடும். அதனால் மாற்றத்தின் வரி எண்ணிக்கையைக் கொண்டு அதன் எடையை அளக்க முடியாது. ஆனால் நாங்கள் அப்படித்தான் அளக்கிறோம். முந்நூறு வரி நிரல் மாற்றம் வந்தால் அரை நாள் உட்கார்ந்து படிக்கிறோம். இரண்டு வரி பில்டு மாற்றம் வந்தால் தேநீர் ஆறுவதற்குள் ஒப்புதல் கொடுத்துவிடுகிறோம்.

நானும் அப்படிக் கொடுத்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவில் ஒருவர் கோப்புறைகளைச் சீரமைத்து, சோதனைகள் இருக்கும் இடத்தைக் குறிக்கும் வரியையும் பில்டு கோப்பில் திருத்தி அனுப்பினார். பார்த்தேன், சரியாகவே தெரிந்தது, சோதனைகளில் தோல்வி இல்லை என்று காட்டும் பச்சை டிக்கும் விழுந்திருந்தது, ஒப்புதல் அளித்தேன். புதிய பாதையில் ஓர் எழுத்து பிசகியிருந்ததால் கருவிக்குச் சோதனை ஒன்றுகூட அகப்படவில்லை. ஓடாத சோதனை தோற்காது என்பதால் பதினோரு நாட்கள் தொடர்ந்து பச்சை டிக் விழுந்துகொண்டே இருந்தது. அதற்குள் மூன்று பிழைகள் வாடிக்கையாளரிடம் போய்விட்டன. ஓட்டத்தின்போது நடந்ததைக் கருவி எழுதிவைக்கும் ஓட்டப் பதிவைத் திறந்து, எத்தனை சோதனைகள் ஓடின என்று ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் போதும். மேட்டூர் அணை திறந்தாயிற்று என்ற செய்தியை மட்டும் நம்பித் தலைஞாயிறு பக்கத்து விவசாயி நாற்று விடுவதில்லை. தன் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று இறங்கிப் பார்க்கிறார். கடைமடை விவசாயிக்கு இயல்பாக இருக்கும் அந்தச் சந்தேகம் எனக்கு அன்று இருக்கவில்லை.

என்னுடையது கவனக்குறைவு. வேண்டுமென்றே செய்யப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். ‘எக்ஸ்இசட்’ என்பது லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் ஒரு சுருக்கக் கருவி. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து, பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர், அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்றை, அதாவது பிறர் அறியாமல் கணினிக்குள் நுழையும் இரகசிய வழியை, நுழைத்திருந்தார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிக்கொண்டே போன ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், 2024 மார்ச் 29 அன்று அதை உலகுக்கு அறிவித்தார். தீய நிரல் சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அதை வெளியே எடுத்து ஓட வைத்த பில்டு வரிகள் மூல நிரலைச் சேமித்து வைக்கும், எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டித் தந்த பொதியில் மட்டுமே இருந்தன. களஞ்சியத்தை எவ்வளவு கவனமாக மறுஆய்வு செய்தவருக்கும் அந்த வரிகள் கண்ணில் பட வழியில்லை.

அதே திட்டத்தில் களஞ்சியத்திலேயே வைக்கப்பட்ட இன்னொரு சிறிய மாற்றம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. லினக்ஸில் ‘லேண்ட்லாக்’ என்ற பாதுகாப்பு வசதி உண்டு. அது கணினியில் இருக்கிறதா என்று அறிய, பில்டின்போது ஒரு சிறு நிரலைத் தொகுத்துப் பார்ப்பார்கள். தொகுக்க முடிந்தால் வசதி இருக்கிறது, தொகுக்க முடியாவிட்டால் இல்லை என்று பொருள். அந்தச் சிறு நிரலின் நடுவே, தனி வரியாக, ஒரு முற்றுப்புள்ளி சேர்க்கப்பட்டிருந்தது. புள்ளி இருக்கும்வரை அந்த நிரல் எந்தக் கணினியிலும் தொகுக்கப்படாது. ஆகவே எல்லாக் கணினிகளிலும் ‘வசதி இல்லை’ என்றே விடை வரும், பாதுகாப்பு சத்தமில்லாமல் அணைந்துவிடும். பில்டும் தோல்வி காட்டாது, எச்சரிக்கையும் வராது. திரையில் தூசி என்று துடைத்துவிடத் தோன்றும் அளவே உள்ள ஒரு புள்ளி!

தீய நோக்கம் எதுவும் இல்லாமலேயே கண்ணை ஏமாற்றும் இடங்கள் இக்கோப்புகளில் ஏராளம். ‘மேக்’ கோப்பில் கட்டளை வரி டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். அமைப்புகளை எழுதப் பயன்படும் யாமல் வகைக் கோப்பிலோ வரியை உள்தள்ள டேப் கூடவே கூடாது. இரண்டுமே திரையில் வெற்றிடமாகத்தான் தெரியும். பைத்தான் பதிப்பை மேற்கோள் குறியின்றி 3.10 என்று யாமலில் எழுதினால், அது தசம எண்ணாகக் கொள்ளப்பட்டு 3.1 ஆகிவிடும். பத்தாவது பதிப்பைக் கேட்டவருக்கு முதலாம் பதிப்பு! இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலைப்பொழுதைச் செலவிட்ட மாணவரை எனக்குத் தெரியும்.

பிறர் எழுதிய கருவிகளை பில்டில் அழைக்கும் வரிகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திவந்த ஒரு துணைக்கருவியின் பதிப்புப் பெயர்களை 2025 மார்ச்சில் ஊடுருவியவர்கள் தங்கள் நிரலை நோக்கித் திருப்பிவிட்டார்கள். பயன்படுத்தியவர்களின் பில்டு கோப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் அவர்களுடைய இரகசியச் சாவிகள் ஓட்டப் பதிவில் வெளிப்படும் நிலை வந்தது. பதிப்புப் பெயரை எழுதாமல், குறிப்பிட்ட ஒரு நிரல் நிலையை மட்டுமே சுட்டும், மாற்ற முடியாத நாற்பது எழுத்துக் கைரேகையை எழுதியிருந்தவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. படிக்க அசிங்கமாக இருக்கும் அந்த நாற்பது எழுத்துகளை அழகான பதிப்புப் பெயராக மாற்றும் திருத்தம் மறுஆய்வுக்கு வந்தால், மறுத்துவிடுவதே சரி.

இப்போதெல்லாம் பில்டு மாற்றம் வந்தால் நான் முதலில் வரிகளைப் படிப்பதில்லை. இது யாருடைய கணினியில், எந்தச் சாவிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓடப் போகிறது என்று பார்க்கிறேன். பிறகு, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு ஓட்டப் பதிவுகளையும் அனுப்பியவரிடமே கேட்டு வாங்கி, ஓடிய சோதனைகளின் எண்ணிக்கையையும் உருவான கோப்பின் அளவையும் ஒப்பிடுகிறேன். முந்தைய ஓட்டங்களில் உருவாகிச் சேமிக்கப்பட்ட கோப்புகளின் பழைய தேக்கத்தை அழித்துவிட்டு என் கணினியில் புதிதாக ஒரு முறை கட்டிப் பார்க்கிறேன். ஏனென்றால் தேக்கத்தில் கிடக்கும் பழைய கோப்புகள் பல பிழைகளை மூடி மறைத்துவிடும். நூலகப் பதிப்புகளைப் பதிவு செய்யும் லாக் கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகள் மாறியிருந்தால் அவற்றைப் படிப்பதாக நடிப்பதில் பயனில்லை. நானே அதை மீண்டும் உருவாக்கி, ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே நேர்மை. நிரல் மாற்றமும் பில்டு மாற்றமும் ஒரே பொட்டலமாக வந்தால், பிரித்து அனுப்பும்படி திருப்பிவிடுகிறேன். அதற்காகக் குழுவில் எனக்குக் கிடைத்திருக்கும் நற்பெயரை இங்கே எழுத வேண்டாம்.

குறிப்பிட்ட கோப்புகளில் மாற்றம் வந்தால் குறிப்பிட்டவர் ஒப்புதல் இல்லாமல் சேராதபடி அமைக்க கிட்ஹப், கிட்லேப் இரண்டிலும் வசதி உண்டு. பில்டு கோப்புகளுக்கு அதை அவசியம் வைக்க வேண்டும். ஆனால் அந்தப் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுப்பது தவறு. மதகுச் சாவி வைத்திருக்கும் லஸ்கர் ஒருவர் விடுப்பில் போனால் பாசனம் நிற்பதைப் போல வேலை நின்றுவிடும். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அந்த விதியையே எடுத்துவிடுவார்கள். இரண்டு பேர் வேண்டும், இருவருக்கும் அந்தக் கோப்புகளை முழுமையாகப் படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும். எக்ஸ்இசட் திட்டத்தில் நெடுங்காலம் ஒருவரே, ஊதியமின்றி, சோர்ந்துபோன நிலையில் பராமரித்துவந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

என்னிடம் வரும் மாணவர்கள் சொன்னவரை, அவர்களுடைய இறுதியாண்டுத் திட்டப்பணியை யாரும் வேறொரு கணினியில் புதிதாகக் கட்டிப் பார்த்ததில்லை. மாணவரின் மடிக்கணினியில் ஓடிக் காட்டினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. டெல்டா மாவட்டக் கல்லூரிகள் இதை மட்டும் மாற்றினாலே போதும். பாடத்திட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, தேர்வாளர் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்கினால் நடக்கும். தஞ்சாவூரிலேயே மினி டைடல் பூங்கா வந்துவிட்ட நிலையில், நம் பிள்ளைகள் இந்தப் பழக்கத்தை வேலைக்குச் சேர்ந்த பிறகு அடிபட்டுக் கற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தங்கள் கல்வி இணைப்பிலும் வாரம் ஒரு சிறு மாற்றத்தை அச்சிட்டு, இதில் என்ன தவறு என்று மாணவர்களைக் கேட்கலாம். அந்த ஒற்றைப் புள்ளியைத்தான் முதல் பயிற்சியாகப் பரிந்துரைக்க எண்ணியிருந்தேன். விடையை நானே இங்கே உடைத்துவிட்டதால், தாங்கள் இசைந்தால் வேறொன்றை எழுதித் தரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர்,
மன்னார்குடி