கெடுதல் கேஸில் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சோடா குடித்தால் எலும்பு தேயும், பல் கரையும், தாகத்துக்குத் தண்ணீர்போல் ஆகாது என்று சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் படித்தேன். கோலா, பன்னீர் சோடா, ஒன்றும் சேர்க்காத வெறும் சோடா மூன்றையும் ஒரே கணக்கில் எழுதியதால் வந்த குழப்பம் இது. வெறும் சோடா என்பது தண்ணீரும் கரியமில வாயுவும்தான். உடம்பில் நீர் சேர்வதில் அதற்கும் சாதாரணத் தண்ணீருக்கும் வித்தியாசம் கிடையாது.

எலும்புக் கதை கோலாவிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் (2006), தினமும் கோலா குடித்த பெண்களின் இடுப்பெலும்பு அடர்த்தி குறைந்திருந்தது. மற்ற கேஸ் பானங்களில் அப்படித் தெரியவில்லை. பல்லுக்கு வருவோம். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் என்ற பல்லின் மேலோடு கரையத் தொடங்கும். வெறும் சோடா 4-க்கும் 5-க்கும் நடுவில் நிற்கிறது என்பது உண்மை. ஆனால் அது பலவீனமான அமிலம், எச்சில் பட்டதும் அடங்கிவிடும். கோலாவோ 2.5 அளவில் இருக்கிறது. எலுமிச்சையைப் பிழிந்துவிட்டால் சோடாவும் பல்லைப் பதம் பார்க்கும். நாள் முழுக்க அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சக் கூடாது. குடித்த அரை மணி நேரத்துக்குப் பல் துலக்கவும் கூடாது.

நம் ஊரில் உண்மையாகக் கவனிக்க வேண்டியது உப்பு. 'லெமன் சோடா, சால்ட்' என்று கேட்டால் கடைக்காரர் கால் டீஸ்பூன் உப்பைத் தாராளமாகத் தட்டுவார். அதிலேயே சுமார் 600 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பே 2,000-க்குள்தான். பாட்டில் சோடாவிலும் லேபிளைப் பாருங்கள்: சேர்மானப் பட்டியலில் 500 என்ற எண் இருந்தால் சோடியம் கார்பனேட் வகை சேர்த்திருக்கிறார்கள். அளவு பெரும்பாலும் குறைவுதான் என்றாலும் ரத்த அழுத்தக்காரர்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

பிரியாணிக்குப் பின் சோடா குடித்ததும் வரும் நீண்ட ஏப்பம் சோடாவின் சொந்த கேஸ். சோறு செரித்ததற்கு அடையாளமல்ல. 300 மில்லி சோடாவில் அழுத்தமாக அடைத்திருக்கும் வாயு வெளியே வந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் இடம் பிடிக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அந்த ஏப்பத்தோடு அமிலமும் மேலே ஏறும். அவர்களுக்கும் வயிறு உப்புசம் உள்ளவர்களுக்கும் வெறும் தண்ணீரே நல்லது.

கேஸ் ஏற்றினால் கெட்ட தண்ணீர் நல்லதாகிவிடாது. கோலி சோடா பாட்டிலின் கழுத்தில் ரப்பர் வளையமும் கோலியும் இருப்பதால் பிரஷ் சரியாக உள்ளே போகாது. அழுக்கு தங்குவது அங்கேதான். கோலியைக் கட்டைவிரலால் தள்ளித் திறந்தால் விரல் அழுக்கும் சேர்ந்துகொள்ளும். மரக்கட்டையால் திறக்கச் சொல்லுங்கள். லேபிள் உள்ள பாட்டிலென்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணைத் தேடுங்கள்.

வீட்டில் சோடா மெஷின் வைத்திருப்பவர்கள் தண்ணீரை ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்த பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். 25 டிகிரியில் கரைவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேஸ் 5 டிகிரியில் கரையும். எலுமிச்சைச் சாறோ சர்பத்தோ கடைசியில்தான். முன்பே ஊற்றினால் நுரை பொங்கி மெஷினுக்குள் ஏறிவிடும்.

இப்படிக்கு,
உணவியல் துறை வாசகர், திருச்சி