பாட்டி வேஷமும் பயிற்சியும்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். கோத்தகிரில நாங்க போடுற நாடகத்துல எனக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள்ல பல பேர இந்தியாவுக்கு அனுப்ப 1964ல போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் அங்க இருந்து வந்த பாட்டி வேஷம். குரல நடுங்க வெச்சா போதும்னு நெனச்சேன், சுத்தமா ஒட்டல. அப்புறம் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி சொன்ன மாதிரி 'நான் இந்த நெலமைல இருந்தா என்ன செய்வேன்'னு கேட்டுப் பாத்தேன், ஒரு வாரம் கொழுந்து பறிக்கிற அம்மாங்க கூடவே நடந்தேன், சரிவுல கால எப்படி ஊனுறாங்க, குளிர்ல வெரல் எப்படி மரத்துப் போகுது, பேசும்போதும் கை நிக்கவே இல்ல, அதான் பாட்டியோட உடம்பு! குரல் தானா வந்துருச்சு. நம்ம பிள்ளைங்களுக்கு மைக்க பாத்து கத்தத்தான் சொல்லித் தராங்க, மனசு வலிக்குது. சென்னைல 1977ல தொடங்கின கூத்துப்பட்டறை நாடகக் குழு மாதிரி உடல், குரல் பயிற்சி மலைக்கும் வரணும், கோடை விழா சமயத்துல பத்து நாள் பட்டறை நடத்தச் சொல்லி எழுதுங்க சார்.

- ஒரு நாடக நடிகை, கோத்தகிரி